பெட்டி உங்களுடையது, ரூட் யாருடையது?

லினக்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் "இது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்" என்று அடுத்த பக்கம் தாவ நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இது பாதிதான் கம்ப்யூட்டர் கதை. மீதி, காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்கிற கதை. அது காமர்ஸ்காரர்களின் பேட்டை.

வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே முழுசாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது: பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக நகத்தளவு ஒரு ஃபிளாஷ் சிப். அதில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். ரவுட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ், கேமரா ரெக்கார்டர் என்று ஒரே வேலைக்காகச் செய்த கருவிகளுக்குள் குடியிருக்கும் லினக்ஸுக்கு எம்பெடட் லினக்ஸ் என்று பெயர்.

இதில் இரண்டு பாகங்கள். முதலாவது கெர்னல். வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். இரண்டாவது ரூட் பைல் சிஸ்டம். கெர்னல் கண் விழித்ததும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும் அடைவு மரம். கட்டளைகள் இருக்கும் '/பின்', நூலகங்கள் இருக்கும் '/லிப்', அமைப்புகளும் கடவுச்சொல்லும் இருக்கும் '/எட்சி' எல்லாம் இதற்குள்தான். இது கிடைக்காவிட்டால் கெர்னல் "பேனிக்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கம்பெனியிலிருந்து வருவது எஞ்சினும் சேசிஸும் மட்டும். சீட் எத்தனை, ஜன்னல் எப்படி, டிவி எங்கே, பெயின்ட் என்ன கலர் என்பதெல்லாம் முதலாளி சொல்கிறபடி இங்கே கட்டுவது. கெர்னல்தான் சேசிஸ். ரூட் பைல் சிஸ்டம்தான் பாடி. ஒரே கெர்னல் ஒரு பெட்டியில் ரவுட்டராகவும் இன்னொன்றில் கேமராவாகவும் மாறுவது பெரும்பாலும் இந்தப் பாடியால்தான்.

அப்படியென்றால் பாடியை மாற்றுகிற சாவி யார் கையில் இருக்க வேண்டும்? பெட்டியை வாங்கியவர் கையில். இந்தப் பதிவு சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு பழைய நீல-கறுப்புப் பெட்டியின் கதை தேவைப்படுகிறது.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் 'டபிள்யூஆர்டி54ஜி' என்ற ரவுட்டரை வெளியிட்டது. இரண்டு ஆன்டெனா, 4 மெகாபைட் ஃபிளாஷ், 16 மெகாபைட் ராம். (செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ இன்றைக்கு அந்த 4 மெகாபைட்டில் அடங்காது.) 2003-ல் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸையே வாங்கியது. அந்த வருடமே ஒரு கேள்வி கிளம்பியது. "இந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் இருக்கிறது, பிஸிபாக்ஸ் இருக்கிறது. இரண்டும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை. மூலநிரல் எங்கே?" ஜிபிஎல்லின் நிபந்தனை எளிமையானது. எங்கள் நிரலை எடுத்துப் பொருள் செய்து விற்கலாம், ஆனால் வாங்குபவர் கேட்டால் அந்த நிரலைக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு 2003-லேயே மூலநிரல் வெளியே வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் நுழைய முதல் வழியைத் திறந்துவிட்டது இந்த மூலநிரல் கூட அல்ல, ஒரு ஓட்டை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைப்பைச் சோதிக்க 'பிங்' என்று ஒரு பெட்டி இருந்தது. முகவரி எழுத வேண்டிய அந்த இடத்தில் லினக்ஸ் கட்டளையை எழுதினால், அது ரூட் அதிகாரத்தோடு ஓடியது! சொந்தப் பெட்டிக்குள் நுழைய ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார்கள். மூலநிரலும் கிடைத்தது, வழியும் கிடைத்தது. 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது.

இப்போது 4 மெகாபைட்டுக்குள் பாடி கட்டுவது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்தக் கதையில் ருசியான இடம் இதுதான்.

முதல் வித்தை பிஸிபாக்ஸ். 1990-களின் நடுவில், டெபியன் லினக்ஸை நிறுவும் கருவி முழுவதையும் ஒரே ஃபிளாப்பியில் அடைப்பதற்காக புரூஸ் பெரென்ஸ் எழுதியது. சாதாரண லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு தனி நிரல். பிஸிபாக்ஸில் ஒரே நிரல்தான். எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ அந்த வேலையைச் செய்யும். தசாவதாரத்தில் கமல் பத்து வேஷம் கட்டினார் என்றால், பிஸிபாக்ஸ் சர்வ சாதாரணமாக நூற்றுக்கும் மேல் கட்டும் :) இதில் எந்த வேஷம் வேண்டும், எது வேண்டாம் என்று கட்டும்போதே தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது வித்தை ஸ்குவாஷ்எஃப்எஸ். அடைவு மரம் முழுவதையும் நெருக்கி அமுக்கி, படிக்க மட்டும் முடிகிற ஒரே கட்டியாக ஆக்கிவிடுவது. இடம் மிச்சம். ஆனால் அதில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற முடியாது. வைஃபை பெயரை மாற்ற வேண்டுமென்றால்? அதற்குத்தான் மூன்றாவது வித்தை. மிச்சமிருக்கும் ஃபிளாஷில் எழுதக்கூடிய ஒரு சின்னப் பகுதியை ஜேஎஃப்எஃப்எஸ்2 முறையில் அமைத்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவது. இதற்கு ஓவர்லே என்று பெயர். ஓப்பன்டபிள்யூஆர்டியின் அடுத்தடுத்த பதிப்புகளில் பக்குவப்பட்ட முறை இது.

பள்ளிக்கூடத்தில் மேப்பின் மேல் பட்டர் பேப்பர் வைத்து வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? அடியில் இருக்கும் அச்சடித்த மேப் ஸ்குவாஷ்எஃப்எஸ். மேலே இருக்கும் பட்டர் பேப்பர் ஓவர்லே. பேனா படுவது மேல்தாளில்தான். மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும்.

இதில் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று இனிப்பு. என்ன சொதப்பினாலும் அடித்தாள் பத்திரம். பெட்டி எழும்போது ரீசெட் பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினால் மேல்தாளை வைக்காமல் அடித்தாளோடு மட்டும் எழும். ஃபெயில்சேஃப் என்பது இதுதான். மேல்தாளை மொத்தமாகக் கிழித்துப் போட்டால் பெட்டி பிறந்த நாளன்று இருந்தபடி ஆகிவிடும்.

இன்னொன்று கசப்பு. அடித்தாளில் அச்சாகியிருக்கும் ஒரு நிரல் தேவையில்லை என்று அழித்தால் இடம் மிச்சமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. அடித்தாளில் அழிக்க முடியாதே! மேல்தாளில் அந்த இடத்தில் "இது இல்லை" என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டப்படும். அந்த ஸ்டிக்கருக்கும் இடம் வேண்டும். ஆக, அழித்தால் இடம் குறையும். பழைய நிரலைப் புதுப்பித்தாலோ பழசு கீழே, புதுசு மேலே என்று இரண்டு பிரதிகள். 4 மெகாபைட்டில் இது தற்கொலைக்குச் சமம்.

அதனால் உண்மையாக மாற்ற வேண்டுமென்றால் அடித்தாளையே புதிதாக அச்சடிக்க வேண்டும். பயந்துவிட வேண்டாம், இதற்குக் கெர்னல் ஹேக்கராக இருக்க வேண்டியதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் 'இமேஜ் பில்டர்' என்று ஒரு கருவி இருக்கிறது. கம்பைல் எல்லாம் கிடையாது. வேண்டிய தொகுப்புகளின் பெயரைப் பட்டியலிடுவது. வேண்டாததன் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுவது. 'பைல்ஸ்' என்று ஒரு அடைவு உருவாக்கி, அதற்குள் '/எட்சி' முதலான மரத்தை அப்படியே வைத்து, சொந்தக் கோப்புகளைப் போடுவது. அவையும் அடித்தாளிலேயே அச்சாகிவிடும். முதல் முறை பெட்டி எழும்போது மட்டும் ஓடிவிட்டு மறைந்துபோகும் ஸ்கிரிப்டுகளுக்குக் கூட 'யூசிஐ-டிஃபால்ட்ஸ்' என்று தனி அடைவு உண்டு. பத்து பெட்டிகளுக்கு ஒரே இமேஜை ஏற்றி, ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும்படி செய்யலாம். சரக்குப் பட்டியல் போடத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை.

ரவுட்டர் அல்லாத கருவிகளுக்கு பில்ட்ரூட் என்ற கருவி பிரபலம். (ஓப்பன்டபிள்யூஆர்டி ஆரம்பத்தில் கிளம்பியதே அதிலிருந்துதான்.) அதில் எல்லாம் கட்டி முடிந்ததும் 'டார்கெட்' என்ற அடைவில் ரூட் பைல் சிஸ்டம் மாதிரியே ஒன்று தயாராக இருக்கும். புதியவர்கள் நேராக அதற்குள் கை வைப்பார்கள். அடுத்த முறை சுத்தம் செய்து கட்டும்போது எல்லாம் போச்சு. அதோடு, அதில் கோப்புகளின் உரிமையும் அனுமதியும் சரியாக இருக்காது. இமேஜ் ஆக்கும் கடைசிக் கட்டத்தில்தான் அவை சரிசெய்யப்படும். சொந்த மாற்றங்களை ஓவர்லே அடைவிலோ, கட்டியபின் ஓடும் ஸ்கிரிப்டிலோ வைப்பதுதான் முறை. இதை எச்சரிப்பதற்காகவே அந்த 'டார்கெட்' அடைவில் ஒரு கோப்பைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால்: "இது உன் ரூட் பைல் சிஸ்டம் அல்ல". கடையில் விற்கும் முக்கால்வாசி பெட்டிகளின் மேல் ஒட்ட வேண்டிய வாசகம்!

சரி, காமர்ஸுக்கு வருவோம். டபிள்யூஆர்டி54ஜி சக்கைப்போடு போட்டது. அதன் பாடியை மாற்றிப் பயன்படுத்தியவர்களும் அதற்கு ஒரு காரணம். மலிவான வீட்டு ரவுட்டரை, பெரிய விலைக் கருவிகள் செய்யும் வேலைகளைச் செய்ய வைத்தார்கள். 2005 கடைசியில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அதே பெயரில் ஐந்தாவது பதிப்பை விட்டது. வெளியே அதே பிளாஸ்டிக். உள்ளே ஃபிளாஷ் 2 மெகாபைட், ராம் 8 மெகாபைட், இரண்டும் சரிபாதி. லினக்ஸுக்குப் பதிலாக விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியார் இயங்குதளம். லினக்ஸ் இலவசம், விஎக்ஸ்வொர்க்ஸுக்குக் காசு. இருந்தும் இந்தக் கணக்கு கட்டுப்படியானது, ஏனென்றால் லட்சக்கணக்கில் விற்கும் பொருளில் ஒவ்வொரு டப்பாவிலும் பாதி மெமரி மிச்சம். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கைதட்டியிருப்பார்.

பழைய வன்பொருள் என்ன ஆனது? பெயரில் 'எல்' என்ற ஒரு எழுத்தைச் சேர்த்து 'டபிள்யூஆர்டி54ஜிஎல்' என்று தனி மாடலாக, கூடுதல் விலைக்கு வந்தது. 'எல்' என்றால் லினக்ஸ். அதாவது பாடியை மாற்றும் வசதிக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுக்கத் தயாரான வாடிக்கையாளர் இருக்கிறார் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த மாடல் பல வருடங்கள் கடையில் நின்று விற்றது. திறந்த பெட்டி வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு எழுத்தைக் காட்டினால் போதும். (2 மெகாபைட் பெட்டியையும் விடவில்லை. 2006-லேயே டிடி-டபிள்யூஆர்டியின் 'மைக்ரோ' பதிப்பை அதற்குள் திணித்துவிட்டார்கள். அந்த ஆட்களை என்னவென்று சொல்வது!)

இதெல்லாம் பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு என்று தோன்றினால் 2016-ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் மிராய் என்ற தீநிரல் கிளம்பியது. அது பெரிய ரகசியம் எதையும் உடைக்கவில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் டெல்நெட் கதவுகளைத் தட்டி, அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. கேமராக்களும் ரெக்கார்டர்களும் ரவுட்டர்களும் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் படை 'டின்' என்ற நிறுவனத்தின் பெயர்-முகவரிச் சேவையைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட பல தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின.

இங்கேதான் ரூட் பைல் சிஸ்டம் மறுபடி வருகிறது. அந்தக் கேமராக்களில் சிலவற்றின் சொந்தக்காரர் நிர்வாகப் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லைப் பொறுப்பாக மாற்றியிருக்கலாம். பிரயோஜனமில்லை. டெல்நெட்டின் ரூட் கடவுச்சொல் வேறு. அது தொழிற்சாலையில் ஏற்றிய ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்தது. மாற்றுவதற்குச் சொந்தக்காரருக்கு வழி கிடையாது. அப்படி ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் இல்லாத சாவி திருடனிடம் இருந்தது. அடித்தாளைப் புதிதாக அச்சடிக்க அனுமதி இருந்திருந்தால், விவரம் தெரிந்த ஒருவர் ஒரு இமேஜ் செய்து வெளியிட்டிருப்பார், ஆயிரம் பேர் ஏற்றியிருப்பார்கள்.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ரேடியோ ஒரு நியாயமான கவலை. கண்டபடி பவரை ஏற்றினால் பக்கத்து வீட்டு வைஃபை மட்டுமில்லை, 5 கிகாஹெர்ட்ஸில் விமான நிலைய வானிலை ரேடார் கூடப் பாதிக்கப்படலாம். அதனால் அமெரிக்காவின் எஃப்சிசி விதிகளை இறுக்கியது. 2015-ல் வந்த அதன் வழிகாட்டிக் குறிப்பு, டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளி ஃபர்ம்வேரை எப்படித் தடுக்கிறீர்கள் என்று தயாரிப்பாளர்களையே கேட்டது. பெரிய கூச்சல் எழுந்து, அதே வருட நவம்பரில் அந்த வாசகத்தைத் திருத்தினார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்றால் இதுதான். ரேடியோவின் பவர் வரம்பைப் பூட்டுவது ஒன்று, பாடி முழுவதையும் பூட்டுவது வேறு. எஃப்சிசிக்கே இது பிறகு புரிந்தது போல. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் பவர் விதிமீறலுக்காக 2 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டபோது, வெளி ஃபர்ம்வேருக்கு இடம் கொடுக்க முயல வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது.

இரண்டாவது வாதம் கையெழுத்து. கம்பெனியின் மின்-கையெழுத்து உள்ள இமேஜ் மட்டும் ஏறும்படி வைத்தால் திருடன் தன் இமேஜை ஏற்ற முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் சொந்தக்காரரும் ஏற்ற முடியாது. டிவோ என்ற அமெரிக்க வீடியோ ரெக்கார்டர் இதற்குப் பெயர் போனது. மூலநிரலைக் கொடுத்தார்கள், மாற்றிக் கட்டிய நிரலைப் பெட்டி ஏற்க மறுத்தது. சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுப்படியைப் பூட்டிய கதை. இதைத் தடுக்கத்தான் 2007-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஆனால் லினக்ஸ் கெர்னலும் பிஸிபாக்ஸும் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டன. கையெழுத்து இருக்கட்டும். கூடவே, பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் ஒரு பட்டனை அழுத்தித் தன் சாவியையும் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால் இரண்டு கவலையும் தீரும். தூரத்திலிருக்கும் திருடனால் பட்டனை அழுத்த முடியாது.

மூன்றாவது, வாரண்டி. யாரோ எதையோ ஏற்றிக் கெடுத்துவிட்டு சர்வீஸ் சென்டரில் வந்து நிற்பார்கள் என்ற பயம். இதற்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. மாற்றினால் மென்பொருளுக்கு வாரண்டி இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம்.

பி.காம். பாடத்தில் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறதே, அதன் 14-ஆம் பிரிவு நினைவிருக்கிறதா? வாங்கியவர் பொருளைத் தொந்தரவின்றி வைத்து அனுபவிக்கலாம் என்பது விற்பனையிலேயே உட்கிடையாக அடங்கிய உறுதி என்கிறது. எழுதியவர்கள் மனதில் நெல் மூட்டையும் தையல் மிஷினும்தான் இருந்திருக்கும். விற்ற பிறகும் விற்றவரின் சொல்லை மட்டும் கேட்கும் பொருள் ஒன்று வரும் என்று யார் கண்டது?

சட்டங்கள் இப்போது மெதுவாக நகர்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சைபர் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுவாக ஐந்து வருடமாவது தர வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்லது. ஆனால் ஆறாவது வருடம்? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருளைக் குப்பையில் போடுவதா? திருத்தம் தருவதை நிறுத்தும் நாளன்றே பூட்டின் சாவியை வெளியிட வேண்டும் என்று ஒரே ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்தால் போதும். கம்பெனிக்கு அதனால் ஒரு பைசா செலவு கிடையாது. புதுப்பெட்டி விற்பனை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். எதிர்ப்பு வருவதும் அதனால்தான்.

திறந்த ஃபர்ம்வேரும் எல்லாப் பெட்டியையும் என்றென்றும் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கெர்னல் வருடத்துக்கு வருடம் பெருக்கிறது. 2021-ல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 பதிப்புக்குக் குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ராமும் வேண்டும். அந்த நீல-கறுப்புப் பெட்டி அதற்கு வெகு காலம் முன்பே ரிட்டயர் ஆகிவிட்டது. ஆனால் அதை எப்போது நிறுத்துவது என்பது பயன்படுத்தியவர்கள் கையில் இருந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தின் பெயரிலேயே 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற ரவுட்டர் வந்தது. டப்பாவோடு சேர்த்து 89 டாலர். ராம் 1 கிகாபைட். அதில் இரண்டு ஃபிளாஷ் சிப்புகள். ஒன்று அன்றாட வேலைக்கு, என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம். இன்னொன்று, சொதப்பினால் மீண்டு வருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. எதிலிருந்து எழ வேண்டும் என்பதை முடிவு செய்ய, பெட்டியின் வெளிப்பக்கத்தில், விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.